செயலியைத் திறந்த அந்த நிமிடம்: தொடக்க வகுப்பு அனுபவங்கள் (ஆசிரியர்கள் புனைபெயரில் எழுதியவை)

கரும்பலகை:

போன ஆண்டு நடந்தது. இன்னும் மனத்தை விட்டு அகலாததால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு, நிலாவின் பிறைகள். ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே ஏறக்குறைய 29½ நாள் என்பதைப் பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும் என்று, நோட்டில் ஆளுக்கு முப்பது வட்டங்கள் போடச் சொல்லி, மூன்றாம் பிறை தெரிந்த மாலையில் தொடங்கினோம். நான்கு நாள் நன்றாகப் போயிற்று. அடுத்த இரண்டு நாளும் மேகம். ஏழாம் நாள், பாடம் பின்தங்குகிறதே என்ற பதற்றத்தில் வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளைப் புரொஜெக்டரில் போட்டு, ஒரு மாதத்து நிலாவை அரை நிமிடத்தில் ஓட்டிக் காட்டிவிட்டேன். வகுப்பே கைதட்டியது.

ஒரு மாணவி மட்டும் பென்சிலை உள்ளே வைத்து நோட்டை மூடிவிட்டு, "அப்படியென்றால் நான் இனிமேல் பார்க்க வேண்டாமா சார்?" என்று கேட்டாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. வேலை முடிந்ததா என்று கேட்கும் குரல். நான்கு நாளும் ஒழுங்காக வரைந்தவள் அவள். பகல் வெளிச்சத்தில் பார்த்த நிலாவையும் ஒரு வட்டத்தில் வரைந்திருந்தாள். இரவில்தானே பார்க்கச் சொன்னேன் என்று அதற்கு முன்பே ஒருமுறை கடிந்திருந்தேன். தேர்வில், பிறை ஏன் தேய்கிறது என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு "பூமியின் நிழல் விழுவதால்" என்று எழுதியது. அது கிரகணத்துக்கு உரிய விடை என்று நான் ஒருமுறைக்கு இருமுறை சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அறிவியல் வகுப்பில் திரையைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை.

நான்காம் பிரிவேளை:

கரும்பலகை சார், திரை என்ன பாவம் செய்தது? எனக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது.

மூன்றாம் வகுப்பு. கம்பளி சூடு தரும் என்று எல்லாப் பிள்ளைகளும் நம்பினார்கள். சரி, சோதிப்போம் என்று ஒரு வெப்ப உணரியைக் கம்பளியில் சுற்றி, இன்னொன்றை மேசைமேல் சும்மா வைத்து, இரண்டையும் டேப்லெட்டில் இணைத்தோம். நாற்பது நிமிடம் கழித்தும் இரண்டு கோடுகளும் ஒன்றாகவே ஓடின. காற்று புகுந்துவிட்டது என்றார்கள். இன்னொரு போர்வை சுற்றினோம். நேரம் போதவில்லை என்றார்கள். இரவு முழுவதும் விட்டு வைத்தோம். சாதாரண வெப்பமானியாக இருந்திருந்தால், இரவில் சூடாகிக் காலையில் ஆறிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். கோடு அந்த வழியை அடைத்துவிட்டது. அறை குளிர்ந்தபோது கம்பளிக்குள் இருந்ததும் சற்றுத் தாமதமாக, ஆனால் தப்பாமல், குளிர்ந்திருந்தது.

மூன்றாம் நாள், எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பான் என்று நான் அடிக்கடி அதட்டும் ஒரு பையன் போர்வைக்குள் கையை விட்டு உணரியைப் பிடித்துக்கொண்டான். கோடு ஏறியது. கையை எடுத்தான், இறங்கியது. மறுபடி பிடித்தான், மறுபடி ஏறியது. பிறகு திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சூடு நம்மகிட்ட இருந்துதான் வருது டீச்சர், போர்வை அதை வெளியே விடமாட்டேங்குது." அந்த வாக்கியம் மூன்று நாளாக என் நாக்கு நுனியில் இருந்தது, சொல்லாமல் இருந்ததற்கு அன்று எனக்கு நானே நன்றி சொல்லிக்கொண்டேன்.

உறுத்துவது வேறு. இந்த ஆண்டு நேரமில்லை என்று அதே சோதனையை ஒரே பாடவேளையில் முடித்து, விடையையும் நானே சொன்னேன். யாரும் உள்ளங்கையைப் பார்க்கவில்லை.

வரைபடப் பைத்தியம்:

அறிவியலில் விடையைச் சொல்லாமல் நிறுத்திவைக்கலாம். சமூக அறிவியலில் பிள்ளைகள் நம்மை மூலையில் நிறுத்திக் கேட்கிறார்கள்.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும். ஒரு நாட்டின் உருவத்தை இழுத்து வேறொன்றின் மேல் வைத்துப் பார்க்க உதவும் இணையதளத்தைத் திறந்து கொடுத்தேன். ஒரு சிறுமி கிரீன்லாந்தை விரலால் கீழே இழுக்க இழுக்க, அது சுருங்கிக்கொண்டே வந்து ஆப்பிரிக்காவின் ஒரு மூலையில் அடங்கியது. ஆப்பிரிக்கா ஏறக்குறைய 3 கோடி சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து 22 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. சுமார் 14 மடங்கு வித்தியாசம். அவள் விரலை எடுக்காமலே கேட்டாள்: "அப்போ சுவரில் இருப்பது பொய்யா?" நான் அவசரத்தில், "ஆமாம்" என்றேன்.

அந்த ஆமாம்தான் உறுத்துகிறது. மெர்காட்டர் என்ற வரைபடக் கலைஞர் 1569இல் அந்த வரைபட முறையை உருவாக்கியது கடலோடிகளுக்காக. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் போகும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக அமையும். உருண்டையைத் தட்டையாக்கும்போது ஏதாவது ஒன்றைக் காவு கொடுத்தே ஆக வேண்டும். அவர் பரப்பளவைக் கொடுத்தார். 60 பாகை அட்சரேகையிலேயே பரப்பு நான்கு மடங்காக ஊதிவிடுகிறது, துருவத்தை நெருங்க நெருங்க இன்னும் அதிகம். "யாருக்காக, எதற்காக வரைந்தார்கள்?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் அன்றைக்கு நல்ல வரலாற்று வகுப்பு கிடைத்திருக்கும். மறுவாரம் அதே சிறுமி பாடநூலில் இருந்த ஒரு மழையளவு வரைபடத்தைக் காட்டி, "இதுவும் பொய்தானே?" என்று கேட்டாள். கேள்வி கேட்கும் பழக்கத்துக்குப் பதிலாக எதையும் நம்பாத பழக்கத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

ஓய்வுபெற்றவன்:

என் அனுபவம் சிறியது. ஃபெட் என்று அழைக்கப்படும், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய, சோதனைகளைத் திரையில் போலச் செய்து காட்டும் பாவனைச் செயலிகளில் மின்சுற்றைச் செய்து பார்த்த மாணவன், அடுத்து உண்மையான பேட்டரியில் பல்பு எரியாதபோது, "கணினியில் எரிந்ததே" என்று கம்பியைத் தூக்கி எறிந்தான். மின்சாரத்தைக் கடத்தாத எனாமல் பூச்சைக் கம்பியிலிருந்து சுரண்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. செயலியில் எனாமலும் இல்லை, சுரண்டலும் இல்லை. அவ்வளவுதான்.

இனி நீங்கள் அனைவரும் கவனிக்க வேண்டியவை. முதலாவது, எந்தக் கருவியைத் தொடுவதற்கும் முன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் கணிப்பை எழுத வேண்டும், எழுதியதை அழிக்கக் கூடாது. அழிரப்பரை நீங்களே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பாவனைச் செயலி கைவேலைக்குப் பின்னால் வரட்டும். மூன்று பேருக்கு ஒரு டேப்லெட் போதும். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். அறிவியல் கல்வியாளர் ராஜர் பைபீ குழுவினர் வகுத்த ஐந்து படிநிலைக் கற்பித்தல் மாதிரியில் ஆர்வமூட்டலும் தேடலும் முடிந்த பிறகு மூன்றாவதாகத்தான் விளக்கம் வருகிறது. கரும்பலகை அவர்கள் தேடலின் நடுவில் விளக்கத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதே சமயம், பிள்ளைகளே எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார்கள் என்று கைகட்டி நிற்பதும் தவறு. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை இதைத்தான் எச்சரித்தது: புதிதாகக் கற்பவரின் நினைவாற்றல் ஒரே நேரத்தில் சிலவற்றைத்தான் தாங்கும், ஆகவே வழிகாட்டல் குறைந்தால் தடுமாறுவார்கள். கம்பளிக்கு மூன்று நாள் என்பது என் கணக்கில் ஆடம்பரம். ஒரு நாளில், சரியான இரண்டு கேள்விகளால், அந்தப் பையனை உள்ளங்கை வரை கொண்டுவந்திருக்கலாம்.

சுண்ணக்கட்டி:

ஐயா, அந்த 2006 கட்டுரைக்கு அடுத்த ஆண்டே மறுப்பும் வந்தது. கண்டறிந்து கற்கும் முறை என்றாலே வழிகாட்டல் இல்லாதது என்று எண்ணுவது பிழை, நல்ல வகுப்பில் அதற்குள்ளேயே ஆசிரியர் தரும் தாங்குதல் நிறைய இருக்கிறது என்பது அதன் வாதம். நான்காம் பிரிவேளை அம்மாவும் கைகட்டி நிற்கவில்லை. போர்வையையும் இரண்டாவது உணரியையும் இரவு முழுவதும் ஓடிய கோட்டையும் ஏற்பாடு செய்து கொடுத்தது யார்? மூன்று நாள் என்று அவர் எழுதியதில் பேசிய நேரம் ஒரு மணிகூட இருக்காது.

என் கதைக்கு வருகிறேன். பள்ளி அலமாரியில் கிடந்த, தேதி இல்லாத ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து, இது எப்போது எடுத்தது என்று கண்டுபிடியுங்கள் என்றேன். பெரிதாக்கிப் பார்க்க ஸ்கேன் செய்து டேப்லெட்டிலும் போட்டிருந்தேன். ஒரு மாணவன் ஐந்தே நொடியில் கையைத் தூக்கினான். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டான். அதுவும் துளிக்கூடத் தயங்காமல் ஓர் ஆண்டைச் சொல்லியிருந்தது. வகுப்பு முழுவதும் அந்த ஆண்டை நோட்டில் எழுதத் தொடங்கியது. எனக்குக் கோபம் வந்தது, பாடம் போயிற்று என்று.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "இந்தப் படத்தில் மாடியே இல்லையே?" மாடிப்படிக்குப் பக்கத்தில் மாடி கட்டியபோது பதித்த கல்வெட்டு இருக்கிறது, தினமும் அதைக் கடந்துதான் எல்லோரும் ஏறுகிறோம். நானும் சேர்ந்து ஓடினேன். செயலி சொன்ன ஆண்டு, கல்வெட்டில் உள்ள ஆண்டுக்குப் பன்னிரண்டு வருடம் பிந்தியது. ஐந்து நொடியில் விடை வாங்கியவன்தான் கல்லின் முன் அதிக நேரம் நின்றான், எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "இதை யார் சரிபார்த்தார்கள்?" என்று கேட்டான். கல்வெட்டையும் சந்தேகிக்கிறான் பாருங்கள். ஆண்டறிக்கையைத் தேடி எடுத்தோம். கல்வெட்டு சொன்னது சரிதான். வரைபடப் பைத்தியம் அவர்களே, உங்கள் சிறுமி எதையும் நம்பாமல் இருப்பதாகக் கவலைப்படுகிறீர்கள். அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டறிக்கை கையில் கிடைக்கவில்லை, அவ்வளவே.

கரும்பலகை:

ஓய்வுபெற்றவன் ஐயா சொன்னது சரி. தேடலின் நடுவில்தான் புகுந்தேன். மற்றவர்கள் எழுதியதைப் படித்தபின், அந்த மாணவியின் நோட்டை இன்று அலமாரியில் தேடி எடுத்தேன். ஆண்டு முடிவில் வாங்கி வைத்ததுதான், திருப்பிக் கொடுக்கவில்லை.

நான்காம் நாள் வட்டம், நான் கடிந்துகொண்ட பகல் நிலா. பக்கத்தில் "மாலை 4 மணி" என்று குறித்திருக்கிறாள். அதே தாளில் மேற்குப் பக்கம் ஒரு சூரியனையும் வரைந்து, நிலாவின் வெளிச்சப் பக்கத்திலிருந்து சூரியனை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, அதன்மேல் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறாள். சூரியனும் நிலாவும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே வானத்தில் நிற்கின்றன. பூமி காலுக்குக் கீழே இருக்கிறது. நிழல் எப்படி அங்கே விழும்? பாதி வகுப்பு தேர்வில் தவறாக எழுதியதற்கான விடை, நான் படம் ஓட்டுவதற்கு மூன்று நாள் முன்பே அந்தத் தாளில் இருந்திருக்கிறது.

அவள் இப்போது ஆறாம் வகுப்பு, வேறு பள்ளி. நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க முகவரி கேட்டிருக்கிறேன். இந்த ஆண்டு வட்டங்களை அடுத்த மூன்றாம் பிறையன்று தொடங்குகிறோம். பகலிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.