முறைப்பாட்டில் முதல் கையெழுத்து யார் போடுவது?

வன்னி மாணவி: இங்குள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன். பகிடிவதை (ராகிங்) என்று மூத்த மாணவர்கள் புதுமுக மாணவன் ஒருவனை விடுதியில் இரவு முழுக்க முழங்காலில் நிற்க வைத்தார்கள். பார்த்தவர்கள் நிறையப் பேர். முறைப்பாட்டில் பெயர் போடக் கேட்டதும் எல்லோருக்கும் திடீரென்று அசைன்மென்ட் வந்துவிட்டது. விரிவுரையாளர் ஒருவராவது முதலில் கையெழுத்து வைத்தால் நாங்களும் வைப்போம். கேட்பது பிழையா?

செட்டிகுளத்தான்: பிழையில்லை தங்கச்சி. ஆனால் யாரிடம் கேட்கிறீர்கள்? நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்தவன். ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் பீடாதிபதியைப் பகைக்க யாருக்கு மனம் வரும்? வீட்டிலும், 2009 போரில் எல்லாம் இழந்து வந்த சனம். ‘வாயை மூடிக்கொண்டு பட்டத்தை எடு’ என்றுதான் சொல்வார்கள்.

முறிகண்டி: அதே சனம்தான் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு போராட்டத்தில் குந்தியது. அம்மாமாரைச் சாட்டி உங்கள் பயத்துக்கு நியாயம் தேடாதீர்கள்.

செட்டிகுளத்தான்: அவர்களுக்கு இழக்க இனி என்ன மிச்சம்? பல்கலைக்கழகக் கதைக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம போர்க்கால உரிமை மீறல்களைப் பற்றி எழுதினார், பேசினார். 1989 செப்டெம்பர் 21, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டார்கள். பேசினால் என்ன நடக்கும் என்று என் தலைமுறை படித்தது அப்படித்தான்.

முறிகண்டி: அது துவக்குக் காலம் அண்ணா. இங்கே எதிரே நிற்பது மூன்றாம் வருஷப் பெடியன். 1997இல் பேராதனையில் வரப்பிரகாஷ் பகிடிவதையில் சிறுநீரகம் செயலிழந்து செத்தார். அடுத்த வருஷமே பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை கடூழியச் சிறை.

செட்டிகுளத்தான்: சட்டம் இரவு பதினொரு மணிக்கு விடுதிக்கு வருமா?

பம்பைமடு: வராது. அதனால்தான் நிரந்தர ஆசிரியர்கள் முன்னுக்கு நிற்க வேண்டும், தற்காலிகக்காரர் இல்லை. பேராசிரியருக்கு யார் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள்? ஆசிரியர் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கேளுங்கள். அப்புறம் மாணவர் பெயர்களை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுங்கள், யார் முதல் என்று தெரியாது.

செட்டிகுளத்தான்: வட்டமாக எழுதினாலும் பெயரை வாசிக்கலாமே.

பம்பைமடு: வாசிக்கட்டும். நாற்பது பெயரை வாசித்துவிட்டு யாரைப் பிடிப்பார்கள்?

வன்னி மாணவி: சரி, கடிதத்தை மார்ஷலிடம் (வளாகப் பாதுகாப்பு அதிகாரியிடம்) கொடுப்பதா?

முறிகண்டி: நேரே துணைவேந்தருக்கு. பிரதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு, பதிவுத் தபாலில். பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.