சிந்தாதிரிப்பேட்ட ஃபேமிலி (வாட்ஸ்அப் குரூப்)

செல்வி: ஞாயித்துக்கெழம திவ்யா வளைகாப்பு நம்ம வீட்லதான். ராகுகாலம் முடிஞ்சி 6 மணிக்கு மேல. எல்லாரும் வந்துடுங்க

கலா: 6க்கு மேலயா??

கலா: இருட்டிடுமே அண்ணி. கண்ணகி நகரு வேற

ரவி: அண்ணி தப்பா எடுத்துக்காதீங்க நானும் அங்க இருந்தவன்தான், நேத்து ஒரு ஆடியோ வந்துச்சு, பைக்ல ரெண்டு பேரு அட்ரஸ் கேக்குற மாதிரி வந்து செயின அறுத்துட்டு ஓஎம்ஆர் ரோட்ல ஏறிட்டா புடிக்கவே முடியாதாம், அதனால பொம்பளைங்க முந்தானைய கழுத்த சுத்தி போத்திக்கணும், தாலிய ஜாக்கெட்டோட ஊக்கு குத்திக்கணும், பக்கத்துல பைக் ஸ்லோ ஆச்சுன்னா கத்திடணும், கேளுங்க

ரவி: 🎤 4:12 (பலமுறை ஃபார்வர்ட் ஆனது)

மணி: சித்தப்பா இது போன வருஷமே சுத்துச்சு. அப்ப திருவொற்றியூர்னு சொல்லிச்சு

ரவி: எந்த ஊரா இருந்தா என்னடா

மணி: 2018ல இப்டிதான் புள்ள புடிக்கிறவங்கன்னு ஃபார்வர்ட் சுத்தி, போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன வயசான அம்மாவ அடிச்சே கொன்னாங்க. பசங்களுக்கு சாக்லெட் குடுத்துச்சாம்

சரசு பெரியம்மா: 🌹இனிய காலை வணக்கம்🌹

செல்வி: எங்களுக்கு பயம் இல்லியா? மணி நைட் ஷிஃப்ட் முடிச்சி வர்ற வரைக்கும் நான் வாசல்லதான் நிக்கிறேன், டேங்க் கிட்ட லைட்டு எரியல, அங்கதான் உக்காந்து குடிக்கிறானுங்க. அதுக்குன்னு சொந்தக்காரங்களே யோசிச்சா?

திவ்யா: ஆட்டோகாரன் மெயின் ரோட்லயே எறக்கி வுட்டுடறான். இப்ப நீங்களுமா அத்த

கலா: நான் வரலன்னா சொன்னேன். உன் மாமியார்தான் இருட்டிடுமேன்னு கேட்டாங்க

மணி: கபடி கார்த்திகா ஊருன்னு சொல்லுங்க. 2025ல பஹ்ரைன்ல தங்கம் 💪

ரவி: நீ மட்டும் பயோடேட்டால துரைப்பாக்கம்னு போடுவியாம்

மணி: பின்ன? கண்ணகி நகர்னு போட்டா கூப்டவே மாட்றான்

ரவி: அண்ணன் அப்பவே என்கூட பள்ளிக்கரணைக்கு வந்திருந்தா

செல்வி: ஆரம்பிச்சிட்டியா. கூவம் ஓரத்துலேர்ந்து நம்மள காலி பண்ணி லாரில ஏத்தி இங்க எறக்குனப்ப உன் பீரோவயும் தூக்கினு வந்தது உங்க அண்ணன்தான்

சரசு பெரியம்மா: பிரியாணியா

திவ்யா: வளைகாப்புக்கு யாரு பெரியம்மா பிரியாணி போடுவா 😂

கலா: எமகண்டம் ஒன்றரைக்கு முடியுது. 2 மணிக்கு வைங்களேன்

செல்வி: இங்க பாதி பேரு வீட்டு வேலைக்குப் போய்ட்டு 4 மணிக்குதான் வருவாங்க. வளையல் யாரு போடுறது

ரவி: சரி ஒரு வேன் பேசுறேன், ஒண்ணா வந்து ஒண்ணா கெளம்பிடலாம். பேரு போடுங்க

கலா: 1. கலா (கவரிங்தான் போட்டு வருவேன்)

மணி: வேன் காசு யாரு?

சரசு பெரியம்மா: 2. சரசு. எனக்கு முன்சீட்டு, வாந்தி வரும்