மழைக்கு முன்னால் எலுமிச்சையில் பிசின் வடிகிறது, என்ன செய்யலாம்?

கொல்லைப்புறம் (திருத்துறைப்பூண்டி)
எங்கள் கொல்லையில் ஓர் எலுமிச்சை, ஓர் ஒட்டு மா, நான்கு பப்பாளி. களிமண். போன ஐப்பசியில் இரண்டு நாள் தண்ணீர் நின்று மூன்று பப்பாளி வேரழுகிச் சாய்ந்தன. இந்தத் தையில்தான் மறுபடி வைத்தேன். இப்போது எலுமிச்சையின் அடித்தண்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தேன் நிறத்தில் பிசின் வடிகிறது. நகத்தால் சுரண்டினால் பட்டை உள்ளே பழுப்பாக இருக்கிறது. மாமியார் வைத்த மரம். அவர் இப்போது இல்லை, மரத்தையாவது காப்பாற்ற வேண்டும். மழைக்கு முன் உரம் வைக்கலாமா?

வேரடி மண் (மன்னார்குடி)
உரம் அப்புறம், தங்கச்சி. முதலில் தூரைப் பாருங்கள். அடியில் மண்ணோ சருகோ குவித்திருந்தால் இன்றைக்கே விலக்குங்கள். ஈரம் பட்டையோடு ஒட்டி நின்றால்தான் இந்த அழுகல் வரும். பழுப்பான பட்டையைக் கத்தியால் சீவி எடுங்கள், நல்ல பட்டை தெரியும்வரை. பிறகு போர்டோ பசை பூச வேண்டும். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி அது.

100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் இரவே ஊறவையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டரில் நீற்றி ஆறவிடுங்கள். கொதிக்கும், கிட்டே குனியாதீர்கள். இரண்டுக்கும் பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். துருவில்லாத அரிவாள் முனையை ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். எவர்சில்வர் கத்தியில் இது தெரியாது. கலந்த அன்றே, பட்டை காய்ந்திருக்கும்போது, முழங்கால் உயரத்துக்குப் பூசிவிடுங்கள்.

மாவுக்கு இப்போது யூரியா போடாதீர்கள். ஐப்பசியில் துளிர்த்தால் தையில் பூ குறையும். நுனிக் கிளையையும் வெட்ட வேண்டாம், பூ அங்கேதான் வரும். காய்ந்ததை மட்டும் கழியுங்கள்.

உப்புக்காற்று (வேதாரண்யம்)
பப்பாளிக்கு என் அனுபவம்: ஒன்றரை அடி மேடு கட்டி நடுங்கள், பக்கத்தில் வடிகால் வெட்டுங்கள். இருக்கிற கன்றுகளுக்கு வடிகாலாவது வேண்டும். அப்புறம் காற்று. 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் வீட்டு மா அடியோடு சாய்ந்தது. இளமரம் என்பதால் மறுநாளே நிமிர்த்தி, பாதிக் கிளையைக் கழித்து, மூன்று பக்கம் மூங்கில் முட்டுக் கொடுத்தோம். இரண்டு வருஷம் பூக்கவில்லை, மூன்றாம் வருஷம் காய்த்தது.

கொல்லைப்புறம்
அண்ணா, நேற்று பூசிவிட்டேன். முதல் தடவை அரிவாளில் செம்பு ஏறியது. ஒரு கை சுண்ணாம்பு சேர்த்ததும் நின்றது. தூரில் ஒரு முழத்துக்கு மண் ஏறியிருந்தது, நானே வருஷாவருஷம் அணைத்த மண். அதை விலக்கியதும் உள்ளே இன்னொரு இடத்தில் பிசின். அதையும் சீவினேன். மறுபடி எத்தனை நாளில் பூசலாம்?

வேரடி மண்
மழை கழுவியிருந்தால் வெயில் அடிக்கிற நாள் பார்த்துப் பூசுங்கள். இல்லையென்றால் கார்த்திகை முடிந்து ஒரு முறை போதும். தூரிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டுங்கள், நடுவில் மேடாக இருக்கட்டும். புதுத்துளிர் வந்த பிறகு தொழுவுரம் வைக்கலாம், தண்டில் படாமல்.