புதுப்பிப்பு: சூடாகாத ட்ரையர், காரணம் கிடைத்தது

துணி உலர்த்தும் என் ட்ரையரில் டிரம் (துணி சுழலும் உருளை) சுற்றுகிறது, ஆனால் துணி ஈரமாகவே வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

முதலில் பிரேக்கரை, அதாவது மின்சாரம் அதிகமானால் துண்டிக்கும் சுவிட்சை, பார்க்கச் சொன்னவர்கள் சொன்னது நியாயம்தான். இங்கே கனடாவில் மின்சார ட்ரையருக்கு 240 வோல்ட் (120 வோல்ட் லைன் இரண்டு) வேண்டும், மோட்டாருக்கு 120 போதும். அதனால் ஒரு லைன் போனாலும் டிரம் சுற்றலாம், சூடு மட்டும் வராது. என் வீட்டில் இரண்டு லைனும் இருந்தன.

அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கத் தகட்டைத் திறந்து மல்டிமீட்டர் (மின்தடை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். ஹீட்டர் சுருள் சுமார் 10 ஓம் காட்டியது, அதில் குறையில்லை. பக்கத்தில் இருந்த தெர்மல் கட்-ஆஃப்தான் (சூடு மிஞ்சினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஃபியூஸ்) போயிருந்தது. அது ஒருமுறை அறுந்தால் மறுபடி சேராது. அதையும் ஹை-லிமிட் தெர்மோஸ்டாட்டையும் (சூடு எல்லை மீறினால் ஹீட்டரை நிறுத்தும் சுவிட்ச்) சேர்த்தே விற்கிறார்கள், இரண்டையும் மாற்றினேன்.

சரி, அது ஏன் போனது? வெளியே போகும் குழாய் முழுக்கப் பஞ்சு! காற்று போக வழியில்லாமல் சூடு உள்ளேயே தேங்கியிருக்கிறது. மடங்கும் ஃபாயில் குழாயை எறிந்துவிட்டு 4 அங்குல உலோகக் குழாய் போட்டேன். கட்-ஆஃபை பைபாஸ் செய்து, அதாவது அது இல்லாமல் நேரடியாக இணைத்து, ஓட்டலாம் என்றார் ஒருவர். வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

கடகட சத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது. டிரம்மைத் தாங்கும் சக்கரமான டிரம் ரோலராக இருக்கலாம், அடுத்து அதைத்தான் திறக்கப்போகிறேன்.