பேவர் கல் பதித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்: எங்கள் வாசலை இரண்டு முறை போட்ட கதை

கரிசல் வீடு, கோவில்பட்டி

எங்கள் வீடு கோவில்பட்டி பக்கம். சுத்தமான கரிசல் பூமி. 2021 சித்திரையில் வாசலும் பக்கவாட்டுமாக 600 சதுர அடிக்கு பேவர் பிளாக், அதாவது தரையில் பதிக்கும் சிமெண்ட் கல், போட்டோம். நாலே நாளில் வேலை முடிந்தது. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு பார்த்தால், கார் ஏறி இறங்கும் தடம் இரண்டும் வாய்க்காலாகப் பதிந்து கிடக்கிறது. காம்பவுண்டு ஓரத்திலோ கல் வரிசை மேலே உப்பி நிற்கிறது. இத்தனைக்கும் ஒரு கல்கூட உடையவில்லை. கல்லுக்குக் கீழே என்னதான் போட்டார்கள் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன்.

நாலு கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். புல்லைச் செதுக்கிவிட்டு, கரிசல் மேலேயே நாலு அங்குலத்துக்கு எம்-சாண்ட் கொட்டி, அதன்மேல் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். சித்திரையில் கரிசல் மண் கடப்பாரைக்கே அசைந்து கொடுக்காது. "தரை கெட்டியாத்தான் இருக்கு சார்" என்று அவர்கள் சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டேன். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும், மழையில் உப்பிக் களியாகும். அதுதான் இந்த மண்ணின் சுபாவம். கல்லை எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் அடியில் மண் ஏறி இறங்கினால் கல்லும் கூடவே ஏறி இறங்கும்.

2022 மாசியில் மொத்தத்தையும் பிரித்தோம். இரண்டடி ஆழத்துக்குக் கரிசலை அள்ளி வெளியேற்றினோம். சரளை மண்ணை ஆறு அங்குலம் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கினோம். அதன்மேல் இன்னொரு ஆறு அங்குலம், மறுபடியும் ரோலர். ஒரே தடவையில் ஒரு அடியைக் கொட்டி மேலே மட்டும் ஓட்டினால் அடிப்பாகம் இளக்கமாகவே இருக்கும் என்று ரோட்டு வேலை பார்க்கும் என் மைத்துனர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பிறகு ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து ஆறு அங்குலம். அதற்கும் மேலேதான் மணல், அதுவும் ஒன்றரை அங்குலம் மட்டும். இரண்டு இரும்புக் குழாயைத் தரையில் படுக்க வைத்து, அவற்றின்மேல் மட்டப்பலகையை இழுத்து மணலைச் சமன் செய்தார்கள். இழுத்த பிறகு அந்த மணலில் யாரும் கால் வைக்கக் கூடாது. கல் பதித்த பக்கத்தில் நின்றுகொண்டே முன்னால் அடுக்கிக்கொண்டு போக வேண்டும்.

மணலைக் கூட்டிப் போட்டால் மெத்தை மாதிரி இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பள்ளம் விழுவதே அந்த மெத்தையால்தான். தரையின் ஏற்ற இறக்கத்தை ஜல்லியிலேயே சரி செய்துவிட வேண்டும்.

முதல் தடவை ஓரத்துக்குச் சும்மா சிமெண்ட் பூசியிருந்தார்கள். இந்த முறை ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் கெர்ப் கல்லைக் கான்கிரீட்டில் ஊன்றினோம். ஓரம் பிடிமானம் இல்லாவிட்டால் கார் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கல் வெளிப்பக்கம் நகர்ந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சந்து அகலமாகிவிடும். கார் நிற்கும் இடத்தில் நேர் வரிசையை மாற்றி, மீன்முள் மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கச் சொன்னேன். பழைய கல்லையேதான் கழுவிப் போட்டோம். நாற்பது கல் போல உடைந்தது, மற்றதெல்லாம் உபயோகப்பட்டது. முதல் தடவை கல்லுக்கும் கூலிக்கும் ஆனதைவிட இந்த மண் வேலைக்கு ஆன செலவு அதிகம். மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. தடம் பதியவில்லை.

உங்கள் ஊரில் என்ன மண், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

வேளச்சேரி அம்மா

அண்ணா, எங்களுக்கு மண்ணைவிடத் தண்ணீர்தான் பிரச்சினை. தனி வீடு. சுற்றுச்சுவரிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் ஒரு அங்குலம் விடாமல் கல் போட்டோம். சேறு இல்லை, கொசு இல்லை என்று சந்தோஷப்பட்டேன். முதல் பெரிய மழைக்கே தண்ணீர் கேட் பக்கம் போகாமல் வீட்டுப் படியை நோக்கி வந்தது. ரசமட்டம் வைத்து "பக்கா லெவல்" என்று காட்டினார்களே தவிர, வாட்டம் கொடுக்கவில்லை. பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வீட்டிலிருந்து வெளியே சரிய வேண்டும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மூடியையும் கல்லால் மூடிவிட்டார்கள். 2003இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று அரசு சொன்னபோது என் மாமனார் பார்த்துப் பார்த்துக் கட்டிய தொட்டி அது. தேடிக் கண்டுபிடித்துத் திறந்தோம். இப்போது வாட்டத்தின் முடிவில் ஒரு சின்ன ஓடை, அது நேராகத் தொட்டிக்குப் போகிறது.

மாமரத்தைச் சுற்றியும் அடிமரம் வரை கல் போட்டிருந்தோம். அந்த வருஷம் இலை எல்லாம் சிறுத்துப் பழுத்தது. மூன்றடி வட்டத்துக்குக் கல்லை எடுத்து, செம்மண்ணும் எருவும் போட்ட பிறகுதான் துளிர் வந்தது. மரம் உள்ளவர்கள் முதலிலேயே இடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. யாரும் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். கோலம். பேவர் கல்மேல் இழை இழுத்தால் ஒவ்வொரு சந்திலும் மாவு உள்ளே விழுந்து கோடு உடைகிறது. கல்லில் சாணம் தெளித்தாலும் நிற்பதில்லை. மார்கழியில் என் மாமியார் ஒரு வாரம் குனிந்து குனிந்து போராடிவிட்டு, "இந்த வாசல் எனக்கு வேண்டாம்மா" என்று சொன்னபோது மனசு கேட்கவில்லை. கேட்டுக்கு முன்னால் ஆறுக்கு நாலு அடி கல்லைப் பெயர்த்து, அங்கே மட்டும் சிமெண்ட் தளம் போட்டுக் கொடுத்தோம். இப்போது தேரே வரைகிறார்.

கல் வேலைக்காரன், ஈரோடு

நான் இந்தத் தொழிலில் 18 வருஷமா இருக்கேன். அண்ணன் சொன்ன அடித்தள விஷயம் முழுக்கச் சரி. நான் கல்லைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ரெண்டு வகை வருது. ரப்பர் மோல்டுல ஊத்தி எடுக்கிறது ஒண்ணு, ஹைட்ராலிக் மெஷின்ல அழுத்தி எடுக்கிறது ஒண்ணு. மோல்டு கல் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், ஜனங்க அதைத்தான் கேக்குறாங்க. மழையில வழுக்கும். வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு நான் மெஷின் கல்தான் சொல்லுவேன், சொரசொரன்னு காலுக்குப் பிடிப்பு இருக்கும். நடக்கிற இடத்துக்கு 50 மி.மீ. கனம் போதும். கார் நிக்கிற இடத்துக்கு 60 மி.மீ. லாரி வந்து போற இடம்னா 80 மி.மீ. அல்லது அதுக்கும் மேல. ஐ.எஸ். 15658ன்னு இதுக்கு இந்தியத் தர அளவே இருக்கு, கடைக்காரர்கிட்ட அதைச் சொல்லியே கேளுங்க.

தரம் பாக்க ஒரு வழி இருக்கு. 8க்கு 4 அங்குலம், 60 மி.மீ. கல் ஒண்ணு ஏறக்குறைய 2¾ கிலோ இருக்கணும். நல்லா வெயில்ல காய வெச்சு எடை போடுங்க. ஒரு நாள் முழுக்கத் தண்ணில முக்கி, துடைச்சு, மறுபடி எடை போடுங்க. சராசரியா நூத்துக்கு 6 பங்குக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுங்கறது கணக்கு. 2 கிலோ 750 கிராம் கல்லு 165 கிராம் வரைக்கும் ஏறலாம். போன வருஷம் ஒருத்தர் வாங்கி வெச்சிருந்த கல்லு 2 கிலோ 560 இருந்து 2 கிலோ 800 ஆச்சு. திருப்பி அனுப்பச் சொன்னேன். அந்தக் கல்லு ரெண்டு வருஷத்துல பாசி பிடிச்சு மேல்தோல் உதிரும்.

கல் வெள்ளையா பூத்தா பயப்படாதீங்க. சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்பு ஈரத்தோட மேல வந்து காத்துபட்டு வெளுக்குது. மழை பட்டுப் பட்டு நாளாவட்டத்துல தானா போயிடும். அதுக்காக ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க, ஆசிட் சிமெண்டையே அரிச்சிடும்.

கல் அடுக்கினதும், கல்லை அதிர வெச்சு இறுக்குற வைப்ரேட்டர் மெஷினை ஓட்டணும். காஞ்ச பொடி மணலைச் சலிச்சுத் தூவி, விளக்குமாத்தால சந்துல தள்ளி, மறுபடி ஓட்டணும். பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு மணல் இறங்கியிருக்கும், திரும்பத் தூவணும். இந்த ரெண்டாவது தூவலுக்கு யாரும் வரமாட்டாங்க, கூலி பேசும்போதே சேத்துப் பேசிக்குங்க. சந்துல சிமெண்ட் கலந்து ஊத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க. கல் அசையிறப்ப சிமெண்ட் விரிஞ்சிடும், கல்மேல படிஞ்ச கறையும் போகாது.

மயிலாடுதுறை

எங்கள் வீட்டில் வண்டியும் இல்லை, கரிசலும் இல்லை. பெருச்சாளி. சாக்கடை ஓரமாகக் கல்லுக்கு அடியில் வளை தோண்டி மணலை வெளியே தள்ளிவிட்டது. மேலே ஒன்றும் தெரியவில்லை. அப்பா கால் வைத்தார், நாலு கல் உள்ளே போய்விட்டது. நல்லவேளை, சுளுக்கோடு போயிற்று. சாக்கடைப் பக்கத்தில் கெர்ப் கல்லை ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்கிய பிறகு தொல்லை இல்லை. ஓரத்தில் புதுசாக மணல் குவியல் தெரிந்தால் அன்றைக்கே கல்லைத் தூக்கிப் பாருங்கள்.

கரிசல் வீடு, கோவில்பட்டி

ஈரோட்டுத் தம்பிக்கு நன்றி, அந்த எடைக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டேன். வேளச்சேரி அம்மா, கோலத்துக்கு இடம் விடுவது எங்கள் வீட்டிலும் நடக்கப் போகிறது, என் மனைவி படித்துவிட்டார்.

புதிதாகப் போடுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து கல்லாவது கூடுதலாக, அதே லோடில் வாங்கி வையுங்கள். அப்புறம் வாங்கினால் சாயம் ஒத்துப்போகாது. போன மாதம் மோட்டார் பைப் கசிந்தது. 22 கல்லைத் தூக்கி, பைப்பை மாற்றி, மணலை மட்டப்படுத்தி, சாயந்திரத்துக்குள் திரும்பப் பதித்துவிட்டோம். பைப் போகிற தடத்துக்கு நேராகக் காம்பவுண்டுச் சுவரில் பெயிண்டால் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.