புதுப்பிப்பு: தொழிற்பேட்டைப் பக்கத்து வீட்டை வாங்கிவிட்டேன்

காரைக்குடி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், மூன்று குடித்தனம் உள்ள ஓட்டு வீட்டை வாடகைக்கு விட வாங்கலாமா என்று தை மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன். 30 வருட வில்லங்கச் சான்று பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. பழைய அடமானம் ஒன்று அதில் தெரிந்தது. அதைத் தீர்த்த பிறகுதான் கிரயம்.

மூன்று வீட்டுக்கும் ஒரே மின் மீட்டர். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்குத்தானே? அதை மூவரும் பங்குபோட்டு, மீதிக்குக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். அங்கே குடியிருக்கும், லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவைத்த யூனிட் கணக்கைக் காட்டினார். மனசு கேட்கவில்லை. தனித்தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், வாடகையை ஏற்றவில்லை.

அப்புறம், 2019-இல் அமலான வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவதும் நடக்கிறது.