வயர்லெஸ் லிங்க்கா, சிம் கார்டா? ஆபீஸ் இணையத்தோடு பட்ட பாடு

மொட்டைமாடி:

புதுக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகுதான் ஃபைபர் வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள். முப்பது பேர் வேலை செய்கிற இடம், அதுவரை கைகட்டி உட்கார முடியாது. இருந்த வழிகள் இரண்டு: மாடியில் டிஷ் வைத்து, எதிரே தெரிகிற டவரோடு நேருக்கு நேர் வயர்லெஸ் லிங்க் போடுவது, இல்லையென்றால் சிம் போட்ட 5ஜி ரவுட்டர். இரண்டையும் பார்த்துவிட்டேன். என் கதையைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

முதலில் 5ஜி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ரவுட்டரை ஜன்னலோரம் வைத்து ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். டவுன்லோடு 400 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியது. உடனே முதலாளிக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு. திங்கள் காலை பதினொரு மணி. அதே ஜன்னல், அதே ரவுட்டர், டவுன்லோடு 60, அப்லோடு வெறும் 4. வீடியோ மீட்டிங்கில் எதிர்த்தரப்பு எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. அவர்களுக்குத்தான் நாங்கள் வாயைத் திறந்தபடி உறைந்துபோய் நின்றிருக்கிறோம்.

காரணம் ரவுட்டர் இல்லை. டவரில் இருக்கிற திறனை அந்தப் பக்கத்துக் கைபேசிகள் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன; வேலைநாளில் பங்காளிகள் அதிகம். இன்னொன்றும் உண்டு. 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் டவுன்லோடும் அப்லோடும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து மாறிமாறிப் பயன்படுத்துகின்றன, அதில் பெரும்பங்கு டவுன்லோடுக்குத்தான். படம் பார்க்கிறவருக்கு அது போதும். நாள் முழுக்கப் பெரிய வரைபடக் கோப்புகளை மேலே ஏற்றுகிற எங்களுக்கு எப்படிப் போதும்?

அப்புறம் வயர்லெஸ் லிங்க். தூரம் 2 கிலோமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டு பக்கமும் 50 எம்பிபிஎஸ், டவர் வரைக்கும் போய்த் திரும்பும் நேரம் (பிங்) 6 மில்லிசெகண்ட். திங்களோ ஞாயிறோ ஒரே மாதிரி. ஒரு மாதம் நிம்மதியாக இருந்தோம். முதல் மழையில் விழுந்தது. இந்தத் தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை என்று படித்திருந்தேன், அது உண்மையும்கூட. மழை விட்ட பிறகும் இரண்டு மணிநேரம் லிங்க் தள்ளாடியதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. சரியாக நடுவழியில் ஒரு பெரிய மரம்.

பைனாகுலரில் பார்த்தால் மரத்தின் உச்சிக்கு மேலே டவர் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் போதாதாம். ரேடியோ அலை நூல் பிடித்தாற்போலப் போவதில்லை, நடுவில் உப்பிய வெள்ளரிக்காய் மாதிரி ஓர் இடம் அதற்கு வேண்டும். ஃபிரெனல் மண்டலம் என்கிறார்கள். எங்கள் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் ஏறக்குறைய 5 மீட்டர், அதில் 60 சதவீதமாவது, அதாவது 3 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். மரத்துக்கும், டிஷ்ஷிலிருந்து டவருக்குப் போகிற நேர்கோட்டுக்கும் இடையே இருந்தது ஒரே மீட்டர். காய்ந்த இலையோடு எப்படியோ சமாளித்தது, நனைந்த இலையோடு முடியவில்லை.

சரி, கம்பத்தை 2 மீட்டர் உயர்த்தினால் தீர்ந்தது என்று கிளம்பினேன். மரம் நடுவழியில் இருப்பதால், நம் பக்கம் மட்டும் 2 மீட்டர் ஏற்றினால் அங்கே கிடைப்பது 1 மீட்டர்தான். 4 மீட்டர் ஏற்ற வேண்டியதாயிற்று, காற்றில் ஆடாமல் இருக்க மூன்று பக்கமும் இழுகம்பி வேறு.

ரெட்டைச் சிம்:

நாங்கள் தற்காலிக வேலையிடங்களில் இருப்பவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறும், டிஷ்ஷெல்லாம் சரிப்படாது. அதனால் இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம், ஒன்று படுத்தால் மற்றொன்று. பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நாள் மதியம் இரண்டும் சேர்ந்து படுக்கும் வரை.

வேடிக்கை என்னவென்றால் இரண்டிலும் சிக்னல் நான்கு கட்டை நிற்கிறது, இணையம் மட்டும் இல்லை. விசாரித்தால், இரண்டு கம்பெனி ஆன்டெனாக்களும் நிற்பது ஒரே டவரில். டவரிலிருந்து வெளியே போகிற இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில். யாரோ மண்வெட்டும் இயந்திரத்தை அங்கே இறக்கிவிட்டார்கள். கைபேசியில் தெரிகிற கட்டை, நமக்கும் டவருக்கும் நடுவில் இருக்கிற உறவை மட்டும்தான் சொல்லும். டவருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

நம் ரவுட்டரும் அதே மாதிரி ஏமாந்தது. மோடம் டவரோடு இணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, ‘எல்லாம் நலம்’ என்று உட்கார்ந்திருந்தது. இப்போது வெளியே இருக்கிற இரண்டு முகவரிகளுக்கு பிங் அனுப்பி, இரண்டிலும் பதில் இல்லையென்றால் மட்டும் மாறும்படி வைத்திருக்கிறேன். இரண்டாவது சிம்முக்கு ஆன்டெனாவை எதிர்த்திசையில் இருக்கிற வேறு டவரைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். வேகம் பாதிதான், பரவாயில்லை.

பில் கவுண்டர்:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே! எங்களுக்கு பில் போடும் மெஷின் இரண்டு, கார்டு தேய்க்கும் மெஷின் ஒன்று. சாதாரண 4ஜி ரவுட்டர், மூன்று வருடமாக ஓடுகிறது. மொத்தமாகவே ஒரு நாளைக்குச் சில நூறு எம்பி. இதற்குப் போய் மாடியில் கம்பம் நடுவதா?

ரிமோட் கேமரா:

பில் கவுண்டர் நண்பருக்கு ஒன்று மட்டும். வெளியிலிருந்து உங்கள் இடத்தைப் பார்க்க வேண்டிய நாள் வராதவரை நீங்கள் சொல்வது சரி. நான் கிளை ஆபீஸில் கேமரா மாட்டி, 4ஜி ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருகிறதை நேராகக் கேமராவுக்கு அனுப்பும் அமைப்பு) எல்லாம் செய்து, வீட்டிலிருந்து திறந்தால் ஒன்றும் வரவில்லை. இரண்டு இரவு அமைப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றினேன். கடைசியில் ரவுட்டரின் ஐபி முகவரியைப் பார்த்தேன்: 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை, இணையக் கம்பெனிகள் தங்கள் வலைக்குள் பயன்படுத்திக்கொள்ள 2012-ல் ஒதுக்கப்பட்ட முகவரிகள். ஒரு பொது முகவரிக்குப் பின்னால் எத்தனையோ வாடிக்கையாளர்கள். வெளியிலிருந்து தட்டினால் கதவு எங்கள் ரவுட்டரில் இல்லை, கம்பெனியிடம் இருக்கிறது. நான் என் வீட்டுக்குள் எத்தனை பூட்டைத் திறந்து என்ன பயன்?

கிளையிலிருந்து தலைமை ஆபீஸுக்கு விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே ஒரு தனிக் குழாய், போட்டதும் தீர்ந்தது, உள்ளிருந்து வெளியே போகத் தடையில்லை. அதிலும் ஒரு வால் முளைத்தது. சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு பாதியில் நிற்கும். விபிஎன் உறை சேர்ந்ததும், தகவல் போகிற சின்னப் பொட்டலம் (பாக்கெட்) செல் நெட்வொர்க் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டதுதான் காரணம். எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றுகிற தகவலின் உச்ச அளவை, 1300 பைட்டுக்கு இறக்கியதும் ஓடியது.

கம்பமேறி:

டிஷ் மாட்டுவதே என் பிழைப்பு. வயர்லெஸ் லிங்க் கெட்டுப்போகிற விதத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் இடத்தில் தினமும் ஓரிரு முறை சரியாக ஒரு நிமிடம் லிங்க் செத்துப் பிழைக்கும். கேபிளை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன். கடைசியில் கருவி எழுதிவைக்கிற பதிவை (லாக்) படித்தால் ரேடார் என்றிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு பகுதியை ரேடாரோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் துடிப்பு கேட்டால் நம் கருவி அந்தச் சேனலை விட்டு ஓட வேண்டும், புதுச் சேனலில் 60 வினாடி காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கலாம். விதி அது. ரேடார் இல்லாத பகுதிக்குச் சேனலை மாற்றிக் கொடுத்தேன், அடங்கியது.

இன்னொரு இடத்தில் மழைக்கு லிங்க் விழுகிறது என்று கூப்பிட்டார்கள். ஏறிப் பார்த்தால் கேபிள் மேலிருந்து நேராக டிஷ்ஷின் போர்ட்டுக்குள் இறங்குகிறது. கேபிளைப் பிடித்துக்கொண்டே தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. கனெக்டரைப் பிடுங்கினேன், எட்டு ஊசிகளில் மூன்று பச்சை பூத்து உதிர்ந்தன. மின்சாரமும் அதே கேபிளில்தானே போகிறது, அரிக்காமல் என்ன செய்யும்? போர்ட்டுக்கு முன்னால் கேபிளைக் கீழே தொங்கவிட்டு ‘யூ’ மாதிரி வளைத்து மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். செலவே இல்லாத வேலை. அதைச் செய்யாத ஆள் எங்கள் தொழிலில்தான் இருக்கிறான், என்ன செய்ய.

60 கிகாஹெர்ட்ஸ் கருவி கேட்பவர்களுக்கு: வேகம் அருமை. ஆனால் காற்றில் இருக்கிற ஆக்சிஜனே சிக்னலைக் கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் அளவுக்குத் தின்றுவிடும், கனமழை வேறு. எதிர்க் கட்டடத்துக்குப் போடுங்கள், அடுத்த ஊருக்குப் போடாதீர்கள்.

கண்ணாடிக் கூண்டு:

வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி போட்ட ஆபீஸா? உள்ளே சிம் ரவுட்டர் வைக்காதீர்கள். எங்களுக்குக் கண்ணாடி 20 டெசிபெல்லுக்கு மேல் தின்றது, அதாவது நூறில் ஒரு பங்குகூட உள்ளே வரவில்லை. வெளியே ஆன்டெனா வைத்து 15 மீட்டர் ஒல்லிக் கேபிள் இழுத்தோம், மிச்சத்தை அது தின்றது. ரவுட்டரையே மழைதாங்கும் பெட்டியில் வெளியே ஏற்றி, உள்ளே நெட்வொர்க் கேபிள் மட்டும் இறக்கியதும் பிழைத்தோம்.

மொட்டைமாடி:

கம்பமேறி அண்ணா, நீங்கள் சொன்னதும் மாடிக்கு ஓடிப் பார்த்தேன். எங்கள் கேபிளும் நேராகத்தான் இறங்குகிறது. நாளைக்கே வளைக்கிறேன்.

இப்போதைய ஏற்பாடு: டிஷ் முதலில், 5ஜி துணைக்கு. மாதம் ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் டிஷ் கேபிளை நானே பிடுங்கிப் பார்ப்பேன். முதல் தடவை மாறுவதற்கு 40 வினாடி ஆனது, பொது ஐபி மாறியதால் பேசிக்கொண்டிருந்த அழைப்புகளெல்லாம் அறுந்தன. அதைவிடப் பெரிய அதிர்ச்சி இன்னொரு நாள். நள்ளிரவில் டிஷ் விழுந்திருக்கிறது, பேக்கப் மென்பொருள் எதுவும் தெரியாமல் 5ஜி வழியாகவே மொத்த சர்வரையும் மேலே ஏற்றியிருக்கிறது. காலையில் சிம்மில் அந்த மாதத்து டேட்டா காலி. இப்போது 5ஜிக்கு மாறினால் பேக்கப்பும் அப்டேட்டும் தானாக நிற்கும்படி ரவுட்டரில் விதி போட்டிருக்கிறேன்.

ஃபைபர் ஒருவழியாக ஏழாம் மாதம் வந்தது. டிஷ்ஷைக் கழற்றவில்லை. மரத்தைத்தான் அவ்வப்போது பைனாகுலரில் பார்க்கிறேன், வைத்ததற்கு இப்போது அரை மீட்டர் வளர்ந்திருக்கிறது.